சிறகில்லாதவர்க்கு முதல் இடம்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் காண்டவ வனம் எரிந்த வரலாறு சொல்லப்படுகிறது. கண்ணனும் அர்ச்சுனனும் அக்னி பகவானுக்குத் துணை நின்ற அந்தக் கதையைப் பலரும் அறிவர். அதே கதையின் ஓரத்தில் ஒரு தாய்ப் பறவை இருப்பதை அறிந்தவர் சற்றுக் குறைவு. அவள் பெயர் ஜரிதை. சார்ங்கம் என்னும் பறவையினத்தைச் சேர்ந்தவள். மந்தபாலர் என்னும் முனிவர் பிள்ளைப்பேறு வேண்டிப் பறவை வடிவெடுத்தபோது அவருக்கு நான்கு மக்களை ஈன்றவள். குஞ்சுகள் முட்டைக்குள் இருக்கும்போதே முனிவர் வேறொரு துணையை நாடிச் சென்றுவிட்டார். வனத்தில் தீ மூண்ட நாளில் கூட்டில் இருந்தவர்கள் தாயும், இறகு முளைக்காத நான்கு குஞ்சுகளும் மட்டுமே.

தீ நெருங்கியது. ஜரிதைக்குச் சிறகு உண்டு, குஞ்சுகளுக்கு இல்லை. நால்வரையும் சுமந்து பறக்க அவளுக்கு வலுவில்லை. மூவரை விட்டு ஒருவனை எடுத்துச் செல்ல மனமில்லை. தன் உடலால் அவர்களை மூடிக்கொண்டு தானும் அங்கேயே மடிந்துவிடலாமா என்று கலங்கினாள். அருகில் இருந்த எலி வளைக்குள் அவர்களை ஒளித்துவைத்து மண்ணால் மூடிவிடலாமா என்றும் எண்ணினாள். குஞ்சுகள் இரண்டுக்கும் இணங்கவில்லை. எலிக்கு இரையாவதைவிட எரிவது மேல் என்றும், தாய் பிழைத்திருந்தால் குலம் தழைக்கும் என்றும் எடுத்துரைத்து, அவளைப் பறந்துபோகச் சொன்னார்கள். அவளும் அழுதுகொண்டே பறந்தாள்.

இந்தக் கதையைக் கேட்போர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. நெருப்பு சூழும்போது சிறகு யாருக்கு உரியது? அது உள்ளவர்க்கா, இல்லாதவர்க்கா? புராண காலத்துக் கேள்வி என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கனடா நாட்டின் வடகோடியில், ஏறக்குறைய 20,000 பேர் வாழும் ஒரு நகரம் இதே கேள்விக்கு இரண்டே நாளில் விடை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே ஒரு சாலை

அந்த நகரத்தின் பெயர் யெல்லோநைஃப். 'மஞ்சள் கத்தி' என்பது பொருள். அப்பகுதியின் தொல்குடிகளான டெனே மக்கள் செம்பால் செய்த கத்திகளைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிக்கு அதுவே தலைநகரம். கிரேட் ஸ்லேவ் என்னும் பெருமேரியின் வடகரையில் அமைந்துள்ளது. வட அமெரிக்கக் கண்டத்திலேயே மிக ஆழமான ஏரி அது. ஆழம் 614 மீட்டர். ஒருபுறம் அத்தனை நீர். மற்றப் புறங்களில் எல்லாம் பாறையும் ஊசியிலைக் காடும். 1930-களில் தங்கச் சுரங்கத்தால் உருவாகி, பின்னாளில் வைரச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர்.

அங்கிருந்து தெற்கே செல்ல ஒரே ஒரு நெடுஞ்சாலைதான் உண்டு. காட்டினூடே ஏரியைச் சுற்றிச் சென்று, மெக்கன்சி என்னும் பெருநதியைக் கடந்து, ஆல்பர்ட்டா மாகாணத்துக்குள் இறங்கும் சாலை அது. அந்த நதிக்குக் குறுக்கே பாலம் கட்டப்பட்டதே 2012-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு கோடையில் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த நதியின் மேலும் வண்டிகள் கடந்தன. நடுவில் பனி உறைந்தும் உறையாமலும், உருகியும் உருகாமலும் இருக்கும் வாரங்களில் சாலைப் போக்குவரத்தே இராது. அடுத்த பெருநகரமான எட்மண்டன், சாலை வழியே 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டின் கோடை கனடாவுக்குக் கொடுங்கோடையாக அமைந்தது. மழை பொய்த்தது, வெப்பம் மிகுந்தது, காடுகள் காய்ந்த விறகாயின. அந்நாட்டின் பதிவுகளில் அதுவரை காணாத அளவுக்குக் காடுகள் அவ்வாண்டில் எரிந்தன. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஏரியின் தென்கரை ஊர்களான ஹே ரிவரும் ஃபோர்ட் ஸ்மித்தும் வெளியேற்றப்பட்டன. தொலைத்தொடர்புக் கம்பிகள் எரிந்துபோனதால் அப்பகுதியில் தொலைபேசியும் இணையமும் அற்றுப்போயின. சாலையின் இருமருங்கும் தீ எரிய, அதன் நடுவே கார்களை ஓட்டிச் சென்றவர்கள் உண்டு. எஞ்சியோரை ஏற்றிச்செல்ல ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்தன. ஆகஸ்ட் 13 அன்று எண்டர்பிரைஸ் என்னும் சிற்றூரின் பெரும்பகுதி சாம்பலானது. அவ்வூர் தலைநகரிலிருந்து தெற்கே செல்வோர் கடக்கும் வழியிலேயே இருந்தது.

அடுத்தது தலைநகரம். ஆகஸ்ட் 16, புதன்கிழமை மாலையில், தீ நகரின் எல்லைக்கு மேற்கே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோது, வெளியேறும் ஆணை பிறந்தது. ஆபத்து மிகுதியாக இருந்த பகுதியினர் உடனே புறப்பட வேண்டும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் போய்விட வேண்டும். அருகிலிருந்த டெனே மக்களின் ஊர்களான என்டிலோவும் டெட்டாவும் அந்த ஆணைக்குள் அடங்கின.

அறிவிப்பின் இரண்டு வரிகள்

அந்த ஆணையோடு வந்த அறிவுரையில் கருத்தூன்ற வேண்டிய ஒரு பகுதி இருந்தது. விமானத்தில் ஏறுவது சாலை வழியே செல்ல வழியில்லாதவர்களுக்கு மட்டுமே உரியது என்பது முதற்செய்தி. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும், உடல்நிலை காரணமாக மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்களும் விமானத்துக்குப் பதிந்துகொள்ளலாம் என்பது அடுத்த செய்தி. கார் உள்ளவர்கள் காரில் செல்ல வேண்டும். காரில் இடம் மிஞ்சினால் பிறரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஓர் அரசு அறிவிப்பின் வறண்ட நடைதான். ஆயினும் அதனுள் ஒரு தர்மம் இருக்கிறது. சாலை என்பது தன் காலால் நடக்க வல்லவர்க்கு உரியது. வானம் என்பது நடக்க முடியாதவர்க்கு ஒதுக்கப்பட்டது. கூட்டில் யாருக்கு இறகு முளைக்கவில்லையோ அவருக்கே முதலில் சிறகு.

இவ்வாறு வகுக்கக் காரணமும் உண்டு. ஒரு விமானம் தென்னகரத்திலிருந்து வெறுமையாகப் புறப்பட்டு வர வேண்டும், இறங்க வேண்டும், எரிபொருளும் ஆட்களும் ஏற வேண்டும், மீண்டும் செல்ல வேண்டும். புகை அடர்ந்தால் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாது. சிறிய நகரத்தின் விமான நிலையத்தில் ஒரே வேளையில் எத்தனை விமானங்கள் நிற்க முடியும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. சாலையோ இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்றைப் போன்றது. எல்லோரும் வானத்தையே நம்பினால் நேரம் போதாது. ஒவ்வோர் இருக்கையும் அன்று எண்ணி எண்ணிக் கொடுக்க வேண்டிய செல்வமாயிற்று.

மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும், முதியோர் பராமரிப்பில் இருந்தவர்களும் தென்மாகாணங்களுக்கு மாற்றப்பட்டனர். மற்றவர்கள் பதிவு செய்துகொள்ள ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடம் மையமாக அமைந்தது. வியாழக்கிழமை காலையிலிருந்தே அதன் வெளியே நீண்ட வரிசை. கையில் சிறு பை. சிலரின் மடியில் நாயோ பூனையோ. தலைக்கு மேலே மங்கிய செந்நிறச் சூரியன். பல மணி நேரம் காத்து நின்ற பின்னரும் அன்றைய விமானங்களில் இடம் தீர்ந்துவிட, மறுநாள் காலையில் வாருங்கள் என்று பலர் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் பட்ட துன்பத்தை நிலப்பகுதி அரசே ஒப்புக்கொண்டது.

அந்த இரவை எண்ணிப் பார்க்க வேண்டும். தீ இன்னும் அணையவில்லை. காரும் இல்லை. இடம் இல்லை என்று சொல்லப்பட்டவர் தம் வீட்டுக்குத் திரும்பி நடக்கிறார். எதிரே, சாலையை நோக்கிக் கார்கள் விளக்கெரிய வரிசையாகப் போகின்றன. அந்த மனிதருக்கு முன்னால் நின்று இடம் பெற்றவர்களில் ஒருவர், வீட்டு வாசலில் நல்ல நிலையில் ஒரு காரை வைத்துக்கொண்டு, 'அத்தனை தொலைவு புகையில் யார் ஓட்டுவது?' என்று வரிசையில் நின்றவராக இருந்திருந்தால்? அவர் சட்டத்தை மீறியிருக்க மாட்டார். யாரும் அவரைத் தடுத்திருக்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் நிற்கிறதா என்று போய்ப் பார்க்க அன்று யாருக்கு நேரம் இருந்தது?

அன்று அந்த வரிசையைக் காத்தது காவலர் அல்லர். ஒவ்வொருவர் உள்ளத்திலும் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் காத்தான் என்பதே பொருந்தும். அந்தர்யாமி என்று நம் பெரியோர் அவனைக் குறிப்பிட்டார்கள். யாரும் பார்க்காதபோது ஒருவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை அவன் அறிவான்.

பின்னர் வெளியான கணக்கு ஒரு நிறைவைத் தருகிறது. 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 19,000 பேர் நகரை விட்டு வெளியேறினர். அவர்களில் சுமார் 15,000 பேர் சாலை வழியே சென்றனர். சுமார் 3,800 பேர் விமானங்களில் சென்றனர். ஐவரில் நால்வர் சாலையை ஏற்றுக்கொண்டதால்தான் ஐந்தாமவருக்கு வானம் கிடைத்தது. 1,400 கிலோமீட்டர் புகைக்குள் ஓட்டிய அந்த நால்வருள் பலருக்கும் விமான இருக்கையின் மேல் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

பெற்றுக்கொள்வதும் ஒரு தர்மம்

கொடுப்பவர் பக்கம் இப்படி இருக்க, பெறுபவர் பக்கமும் ஒன்று உண்டு. அதனைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டைக் கற்பனையாகவே வரைந்து பார்க்கலாம். பெயர் வேண்டாம், இத்தகைய வீடு எந்த ஊரிலும் இருக்கும்.

எண்பது வயதான ஒரு தாய். நெடுநாளாக மூச்சுத்திணறல். மகள் ஒருத்தி, அவளுக்கு இரண்டு சிறு பிள்ளைகள், சிறிய கார் ஒன்று. காரை ஓட்டத் தெரிந்தவள் மகள் மட்டுமே. வெளியேறும் ஆணை வந்த இரவில் மகள் பைகளில் துணிகளை அடுக்குகிறாள். தாய் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் எங்கும் வரவில்லை. நீ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போ. எனக்கு வயதாகிவிட்டது, எது வந்தாலும் இங்கேயே வரட்டும்."

"அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. நீங்கள் வராவிட்டால் நானும் போகப் போவதில்லை."

"அப்படியென்றால் காரில் உங்களோடு வந்துவிடுகிறேன். விமானத்தில் தனியாக எனக்கு ஓர் இடம் எதற்கு? வேறு யாருக்காவது அது உதவட்டும்."

"வேறு யாருக்கு அம்மா? அந்த அறிவிப்பு உங்களுக்காகத்தான் வந்திருக்கிறது."

வீட்டில் முதியவர்கள் உள்ள எவருக்கும் இந்த உரையாடல் புதியதன்று. தீக்கும் வெள்ளத்துக்கும் முன்னால் மட்டும் நிகழ்வதும் அன்று. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும், கைத்தடி வாங்கித் தரும்போதும், கோயிலில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதும் இதே சொற்கள் வருகின்றன. 'எனக்கு எதற்கு? மற்றவர்க்கு உதவட்டும்.' கேட்பதற்கு அது தியாகம் போலத் தோன்றுகிறது. அதன் அடியில் சிறிது அச்சமும், சிறிது தன்மானமும், பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்னும் வருத்தமும் இருப்பது எல்லோர்க்கும் தெரியும்.

அந்தத் தாய் காரில் ஏறினால் என்ன ஆகும்? புகை சூழ்ந்த சாலையில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். நடுவழியில் அவருக்கு மூச்சு முட்டினால், மருத்துவமனை அடுத்த வளைவில் இல்லை. மகள் வண்டியை நிறுத்தினால் பின்னால் வரும் வரிசை நிற்கும். பின் இருக்கையில் பிள்ளைகள் அழும். தாயின் தியாகம் என்று தொடங்கியது, நால்வரின் ஆபத்தாக முடியும். அவரே விமானத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் மருத்துவர்கள் உள்ள நகரத்தில் இறங்கிவிடுவார். மகள் சாலையின் மேல் மட்டும் கண்வைத்து ஓட்டலாம்.

ஜரிதையின் கூட்டில் நிகழ்ந்தது இங்கே தலைகீழாக நிகழ்கிறது. அங்கே பிள்ளைகளுக்குச் சிறகில்லை. பறந்து போ என்று தாயிடம் சொன்னார்கள். இங்கே தாய்க்கே சிறகில்லை. அவருக்கு ஒரு சிறகு தரப்படுகிறது. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மகள் மன்றாடுகிறாள். இரண்டிலும் பிரிவு ஒன்றுதான். அன்பு என்பது எல்லோரும் ஒன்றாக எரிவதன்று. தேவையானால் பிரிந்து பிழைப்பதும்தான்.

கஜேந்திரனின் கதையை இந்த இடத்தில் நினைப்பது பொருத்தம். முதலையின் பிடியில் அகப்பட்ட யானையரசன் நெடுங்காலம் தன் வலிமையாலேயே போராடினான். சுற்றத்தாரின் வலிமையும் உதவவில்லை. தன்னால் இனி ஆகாது என்று உணர்ந்து துதிக்கையில் தாமரையை ஏந்தி ஆதிமூலத்தை அழைத்த கணத்தில்தான் கருடன் மேல் பரந்தாமன் விரைந்து வந்தான். பொய்கையின் நடுவில் சிக்கியவனை நடந்து வா என்று அவன் சொல்லவில்லை. சிறகைத் தானே கொண்டுவந்தான். அதே வேளையில், 'எனக்கு எதற்கு?' என்று கஜேந்திரனும் மறுக்கவில்லை. கூப்பிடுவதில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை. சரணாகதியின் முதற்படி, இயலாமையை ஒப்புக்கொள்வது. அதனைப் பகவானிடம் செய்ய முடிகிறவர், தம் மகளிடமும், தமக்குக் கைகொடுக்க வரும் ஊழியரிடமும் செய்யக் கூடாதா?

கற்பனை வீட்டின் அந்தத் தாய் முடிவில் ஒப்புக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வரிசையில் நிற்கிறார். கையில் ஒரு சிறு பை; அதில் மாத்திரைகள், ஒரு கம்பளிச் சட்டை, காலஞ்சென்ற கணவரின் படம். அவ்வளவுதான். ஒரு வாழ்நாள் முழுவதும் சேர்த்த வீடு பின்னால் நிற்கிறது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதைக் கற்றுக்கொள்ள மனிதர்கள் எத்தனையோ சத்சங்கங்களுக்குச் செல்கிறார்கள். நெருப்பு அதனை அரைமணி நேரத்தில் கற்றுத் தந்துவிடுகிறது.

நின்றவர்களும் வந்தவர்களும்

எல்லோரும் போன பிறகு நகரம் வெறுமையாக இருக்கவில்லை. தீயணைப்பாளர்கள், ராணுவத்தினர், விமான நிலைய ஊழியர்கள், இன்றியமையாப் பணியாளர்கள் சிலர் தங்கினார்கள். நகரைச் சுற்றி மரங்களை வெட்டி அகலமான வெற்று நிலப்பட்டைகளை உண்டாக்கினார்கள். நீர்ப்பீரங்கிகளையும் தெளிப்பான்களையும் வரிசையாக நிறுவினார்கள். ஒரு விமானம் வானில் ஏறுவதற்குத் தரையில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதை ஏறுகிறவர் காண்பதில்லை. விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியவர், ஓடுபாதையை அறிந்து சொன்னவர், பயணிகள் பட்டியலை எழுதியவர் ஆகியோர் கடைசி வரை தரையில் இருந்தவர்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. அவர்களுடைய குடும்பங்களும் எங்கோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தன.

சென்றவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களையும் மறக்கலாகாது. விமானங்கள் பெரும்பாலும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் கால்கரி நகரில் இறங்கின. வந்தவர்களின் பெயரைப் பதிந்து, தங்க இடமும் உணவும் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டன. வீட்டு வாசலில் அதிதி நின்றால் முதலில் நீரும் இருக்கையும் தர வேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான அதிதிகள் வந்தால் அந்த விதி மாறிவிடுவதில்லை. செய்பவர் மட்டும் கூட வேண்டும்.

அக்னியின் கருணை

காண்டவ வனத்தின் கதை எப்படி முடிந்தது? தாய் பறந்துபோன பின் தீ கூட்டை நெருங்கியது. நான்கு குஞ்சுகளும் ஒருவர் பின் ஒருவராக அக்னி பகவானைத் துதித்தார்கள். தொலைவில் இருந்த தந்தை மந்தபாலரும் தம் மக்களைக் காக்க வேண்டும் என்று முன்னரே அக்னியை வேண்டிப் பெற்றிருந்தார். அக்னி அந்தக் கூட்டைத் தீண்டாமல் விலகிச் சென்றான். அந்தப் பெருவனத்தில் தப்பிய ஆறு உயிர்களில் நான்கு, சிறகில்லாத அந்தக் குஞ்சுகளே. வனம் எங்கும் பறக்க வல்ல பறவைகள் எத்தனையோ இருந்தன. பிழைத்தவை பறக்கத் தெரியாதவை.

அக்னியைப் பகையாக எண்ணுவது நம் மரபன்று. நாள்தோறும் விளக்கில் வணங்கப்படுபவன் அவன். வேள்வியில் தேவர்களின் வாய் அவன். திருமணத்தில் சாட்சி அவன். யெல்லோநைஃப் நகரைச் சூழ்ந்த காட்டிலும் அவனுக்கு ஒரு வேலை உண்டு. அங்கே வளரும் ஜாக் பைன் என்னும் மரத்தின் கூம்புகள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் வெப்பம் பட்டால்தான் அவற்றுள் பல திறந்து விதைகளை உதிர்க்கும். தீ கடந்துபோன கருநிலத்தில் அடுத்த காடு முளைப்பது அந்த விதைகளால்தான். அக்னி தன் தொழிலைச் செய்கிறான். அவன் வரும்போது மனிதர் தம் தொழிலைச் செய்தார்களா என்பதே கேள்வி.

அன்று செய்தார்கள். தீ நகரின் எல்லைக்கு வெளியே, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் நின்றது. வானிலையும் சற்று இரங்கியது. தரையில் நின்றவர்களின் உழைப்பும் பலித்தது. செப்டம்பர் 6, புதன்கிழமை, வெளியேறும் ஆணை நீக்கப்பட்டது. சரியாக மூன்று வாரங்கள். காரில் சென்றவர்கள் அதே ஒற்றைச் சாலையில் வடக்கே திரும்பினார்கள். விமானத்தில் சென்றவர்கள் விமானத்தில் திரும்பினார்கள்.

தீ தணிந்ததும் ஜரிதை பறந்து வந்தாள் என்று மகாபாரதம் சொல்கிறது. உயிரோடு இருந்த தன் மக்களைக் கண்டாள். ஒவ்வொருவரையும் மீண்டும் மீண்டும் தழுவி அழுதாள். விட்டுப் போனாயே என்று குஞ்சுகள் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

இன்று மாலை வீட்டில் விளக்கேற்றும்போது ஒரு கணம் குடும்பத்தினர் தங்களுக்குள் ஒன்றைப் பேசிக்கொள்ளலாம். தீயோ வெள்ளமோ புயலோ வந்து, உடனே புறப்படுங்கள் என்று சொல்லப்பட்டால், இந்த வீட்டில் சிறகில்லாதவர் யார்? அடுத்த வீட்டில் தனியாக வாழும் முதியவருக்கு யார் கதவைத் தட்டுவார்கள்? வண்டியில் மிஞ்சும் ஓர் இடம் யாருக்கு? மாத்திரைகளும் மருத்துவச் சீட்டுகளும் எந்தப் பையில் இருக்கின்றன? வீட்டுப் பெரியவரிடமும் ஒரு வாக்குறுதி கேட்டுப் பெறலாம்: அழைக்கும்போது, 'நான் வரவில்லை' என்று சொல்லாமல் எழுந்து வருவேன் என்று.

அந்த வாக்குறுதியைத் தருவது அவருக்கு எளிதன்று. ஆயினும் கஜேந்திரன் துதிக்கையை உயர்த்தியதைவிட அது கடினமும் அன்று.